ஒரு பெயர், பல படிமங்கள்

மென்பொருள் ஒன்றை, அது இயங்குவதற்கு வேண்டிய லைப்ரரிகள், அமைப்புக் கோப்புகள், துணை நிரல்கள் ஆகிய அனைத்தோடும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டிவைப்பதைக் கொள்கலன் படிமம் என்றும், அப்பொதி ஒரு கணினியில் பிற நிரல்களிலிருந்து பிரித்துவைக்கப்பட்ட நிலையில் ஓடும்போது அதைக் கொள்கலன் அல்லது கண்டெய்னர் என்றும் கணினித் துறையினர் வழங்குகின்றனர். 2013 மார்ச் மாதத்தில் டாக்கர் என்னும் கருவி வெளியான பின் இம்முறை விரைந்து பரவிற்று. ஒருவருடைய கணினியில் நன்றாக ஓடிய நிரல் சர்வருக்குப் போனதும் ஓட மறுக்கும் பழைய தொல்லைக்கு அது மருந்தாக அமைந்ததே அதற்குக் காரணம். ஆயினும் அந்த மருந்து வேலை செய்யும் பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. மெய்நிகர் கணினி என்னும் முறையில் முழு இயக்கமுறைமையும் அதன் கர்னலோடு சேர்த்துப் பொதியப்படுகிறது. கொள்கலனிலோ கர்னல் இருப்பதில்லை. வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதியாகிய கர்னலை ஒரு கணினியில் ஓடும் எல்லாக் கொள்கலன்களும் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்தக் கர்னலுக்கும் கீழே செயலி இருக்கிறது. படிமத்துக்குள் இருக்கும் இயங்கு நிரலின் கட்டளைகளை அச்செயலியே நேரடியாகப் படிப்பதால், எந்த வகைச் செயலிக்காக அது ஆக்கப்பட்டதோ அந்த வகையில் மட்டுமே அது ஓடும். வேண்டிய எல்லாவற்றையும் படிமம் தன்னோடு எடுத்துச் செல்கிறது என்னும் கூற்றில் விடுபட்டுப்போனவை இவ்விரண்டும்தான்.

செயலியின் கட்டமைப்பு என்று இங்கே சொல்லப்படுவது, அது புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுதியைக் குறிக்கும். கூட்டு, ஒப்பிடு, நினைவகத்திலிருந்து எடு, வேறிடத்துக்குத் தாவு என்பன போன்ற கட்டளைகள் ஒவ்வொன்றும் எந்த எண் வடிவில் எழுதப்பட வேண்டும், செயலிக்குள் இருக்கும் பதிவகங்கள் எத்தனை, அவற்றை எப்படிச் சுட்டுவது என்பவையெல்லாம் அத்தொகுதியில் வரையறுக்கப்படுகின்றன. இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 சில்லிலிருந்து வளர்ந்த எக்ஸ்86 குடும்பத்தில் ஒரு கட்டளை 1 பைட் முதல் 15 பைட் வரை எந்த நீளத்திலும் அமையலாம். 64 பிட் ஆர்ம் கட்டமைப்பில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட் நீளமுடையது. நிரலின் ஒரு பகுதி தன் வேலையை முடித்துத் தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்புவதற்கான எளிய கட்டளையைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும்: எக்ஸ்86இல் அது 195 என்னும் ஒற்றை பைட், ஆர்மில் 192, 3, 95, 214 என வரிசையாக நிற்கும் நான்கு பைட்டுகள். நிரல் கர்னலிடம் உதவி கேட்கும் முறையும் இவ்வாறே மாறுகிறது. கோப்பில் எழுதித் தருமாறு லினக்ஸ் கர்னலைக் கேட்க வேண்டுமானால் 64 பிட் எக்ஸ்86 கணினியில் 1 என்னும் எண்ணையும், 64 பிட் ஆர்ம் கணினியில் 64 என்னும் எண்ணையும் குறிப்பிட்ட பதிவகம் ஒன்றில் இட்டுக் கேட்க வேண்டும். மூலநிரல் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தாலும், கம்பைலர் அதை இயங்கு நிரலாக மாற்றிய பிறகு கிடைக்கும் இரண்டு கோப்புகளும் ஒன்றுக்கொன்று பயன்படாதவை.

டாக்கர் வெளிவந்த காலத்தில் இந்த எல்லை பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. எக்ஸ்86 குடும்பத்தை 64 பிட்டுக்கு விரிவாக்கிய ஏஎம்டி நிறுவனம் 2003இல் ஆப்டெரான் செயலியை விற்பனைக்குக் கொண்டுவர, இன்டெலும் அடுத்த ஆண்டே அதே கட்டளைத் தொகுதியை ஏற்றுக்கொண்டதால், அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பொறியாளரின் மடிக்கணினியும் தரவு மையத்துச் சர்வரும் பெரும்பாலும் ஒரே கட்டமைப்பைக் கொண்டிருந்தன. ஆர்ம் வேறு பாதையில் வளர்ந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் வடிவமைத்து 1985இல் முதன்முதலாக இயங்கிய அச்செயலி, மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் தன்மையால் கைப்பேசிகளின் செயலியாயிற்று. 2011இல் அதன் 64 பிட் வடிவம் அறிவிக்கப்பட்டது. 2012இல் வெளியான ராஸ்பெர்ரி பை பலகைகள் ஆர்மை மாணவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தன. 2018இல் அமேசான் தன் மேகக்கணினிச் சேவையில் கிராவிட்டான் என்னும் ஆர்ம் சர்வர்களைச் சேர்த்தது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 மடிக்கணினிகள் வந்தன. அதுவரை தம் மேசையில் கட்டிய படிமத்தை அப்படியே சர்வருக்கு அனுப்பிவந்தவர்கள், மேசையில் ஆர்மும் சர்வரில் எக்ஸ்86உமாக இருக்கும் நிலையை முதன்முறையாகப் பெருவாரியாக எதிர்கொண்டது அப்போதுதான்.

பொருந்தாத படிமம் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. லினக்ஸில் இயங்கு நிரல் ஒவ்வொன்றும் எல்ஃப் என்னும் கோப்பு வடிவில் இருக்கிறது. அதன் தலைப்பகுதியில், முதல் 18 பைட்டுகளுக்கு அடுத்து வரும் இரண்டு பைட்டுகள், அந்நிரல் எந்தச் செயலிக்குரியது என்பதை எண்ணாகச் சொல்கின்றன: 64 பிட் எக்ஸ்86க்கு 62, 32 பிட் ஆர்முக்கு 40, 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-5 என்னும் இன்னொரு கட்டமைப்புக்கு 243. நிரலை இயக்கக் கோரும்போது கர்னல் அவ்வெண்ணைப் பார்க்கிறது. தன் செயலிக்குரியதாக இல்லையெனில் கோப்பின் வடிவம் தவறு என்று பிழை கூறி மறுத்துவிடுகிறது. படிமத்தைத் தரவிறக்கி, அடுக்கு அடுக்காகப் பிரித்து விரித்து, கொள்கலனுக்கான தனியிடத்தையும் ஒதுக்கிய பிறகு, கடைசிப் படியில்தான் இந்த மறுப்பு வருகிறது. அதற்கு முந்திய எந்தப் படியும் நிரலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே, இயக்குவதற்கு முன்பே, தரவிறக்கும் கட்டத்திலேயே சரியான படிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி ஒன்று தேவைப்பட்டது. படிமங்கள் களஞ்சியம் என்னும் இணையச் சர்வரில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு படிமத்துக்கும் மேனிஃபெஸ்ட் என்னும் விவரச்சீட்டு உண்டு. படிமம் எந்தெந்த அடுக்குகளால் ஆனது என்பதை ஒவ்வோர் அடுக்கின் ஹாஷ் மதிப்பைக் கொண்டு அச்சீட்டு குறிக்கிறது. ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண். உள்ளடக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். இந்தச் சீட்டுகளுக்கு மேலே இன்னொரு சீட்டு சேர்க்கப்பட்டதே தீர்வாக அமைந்தது. நூல்நிலையத்து அட்டைப் பெட்டியில் ஒரே நூற்பெயரின் கீழ் அதன் பல பதிப்புகள் எந்தெந்த அலமாரியில் உள்ளன என்று குறித்துவைப்பதைப் போல, படிமச் சுட்டி என்னும் இந்த மேற்சீட்டு ஒரே பெயரின் கீழ், லினக்ஸ் ஏஎம்டி64க்கு, அதாவது 64 பிட் எக்ஸ்86க்கு, இன்ன மேனிஃபெஸ்ட், லினக்ஸ் ஆர்ம்64க்கு இன்ன மேனிஃபெஸ்ட் என்று வரிசைப்படுத்துகிறது. 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கிய ஓப்பன் கண்டெய்னர் இனிஷியேட்டிவ் அமைப்பு 2017 ஜூலையில் வெளியிட்ட படிம விதிமுறையின் முதல் பதிப்பிலேயே இச்சுட்டி இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டாக்கரின் அதிகாரபூர்வப் படிமங்கள் பல கட்டமைப்புகளுக்கும் இம்முறையில் கிடைக்கலாயின.

இதில் பாராட்டத்தக்க வடிவமைப்புத் தெளிவு ஒன்று இருக்கிறது. தேர்வு செய்வது களஞ்சியத்தின் வேலையாக வைக்கப்படவில்லை. கேட்கும் கணினியே சுட்டியை முதலில் பெற்று, தன் இயக்கமுறைமையும் செயலியும் எவை என்று பார்த்து, பொருந்தும் மேனிஃபெஸ்டை மட்டும் அடுத்துக் கேட்கிறது. அதனால் களஞ்சியம், கோப்புகளை வைத்துக் கேட்டபோது கொடுக்கும் எளிய சர்வராகவே இருந்துவிட முடிகிறது. 1990களின் தொடக்கத்தில் நெக்ஸ்ட்ஸ்டெப் இயக்கமுறைமை, பல செயலிகளுக்கான கட்டளைகளையும் ஒரே கோப்பில் திணித்துவைக்கும் வழியைப் பின்பற்றியது. ஆப்பிள் கணினிகளில் அவ்வழி இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கே பயனர் தமக்கு வேண்டாத செயலியின் பகுதியையும் சுமக்க நேர்கிறது. சுட்டி முறையிலோ வேண்டியது மட்டுமே வலையைக் கடக்கிறது. நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள படிமங்களைப் பல்லாயிரம் சர்வர்கள் இறக்கும் சூழலில் இது சிறிய சேமிப்பு ஆகாது.

பொருத்தம் பார்க்கும்போது ஒப்பிடப்படுபவை முக்கியமாக மூன்று: இயக்கமுறைமை, கட்டமைப்பு, கட்டமைப்பின் உட்பதிப்பு. மூன்றாவதில்தான் சிக்கல்கள் மிகுதி. ராஸ்பெர்ரி பையின் முதல் பலகையும் பை ஜீரோவும் ஆர்மின் 6ஆம் பதிப்புக் கட்டளைகளை மட்டுமே அறியும். பை 2 பலகை 7ஆம் பதிப்பை அறியும். 2016இல் வந்த பை 3, 64 பிட் கொண்ட 8ஆம் பதிப்பு. புதிய பதிப்பு பழையவற்றையும் ஏற்கும் என்னும் நம்பிக்கையில், 64 பிட் ஆர்ம் கணினியில் அதற்குரிய படிமம் இல்லாதபோது 32 பிட் படிமத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில கருவிகளில் உண்டு. ஆனால் ஆப்பிளின் எம்1 செயலியோ 32 பிட் ஆர்ம் கட்டளைகளை அறவே இயக்காது. எதிர்த்திசையில் நேரும் தவறு இன்னும் கொடியது. 7ஆம் பதிப்புக்காக ஆக்கப்பட்ட நிரல், வெறுமனே ஆர்ம் என்னும் குறிப்போடு பை ஜீரோவுக்குப் போய்ச் சேர்ந்தால், எல்ஃப் தலைப்பில் இருக்கும் 40 என்னும் எண் இரண்டுக்கும் பொதுவாகையால் கர்னல் அதை மறுக்காது. நிரல் தொடங்கும், சிறிது ஓடும், செயலிக்குத் தெரியாத முதல் கட்டளையை எட்டியதும் செத்து விழும். தொடங்கும்போதே வரும் பிழையைக் காட்டிலும் இது கண்டுபிடிக்கக் கடினமானது. அந்தக் கட்டளை, நிரலில் அரிதாகவே எட்டப்படும் ஒரு மூலையில் இருக்குமானால் மாதக்கணக்கில் வெளிப்படாமலும் போகலாம்.

எக்ஸ்86 உலகம் இதற்கு விலக்காகும் என்று கருத இடமில்லை. ஏஎம்டி64 என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒரே கட்டளையால் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 போன்ற விரிவாக்கங்கள் ஆண்டுதோறும் அதில் ஏறிக்கொண்டே வந்தன. 2020இல் இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹேட், சூசே ஆகிய நிறுவனங்கள் கூடி அவற்றை நான்கு நிலைகளாக வகுத்தன. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 9ஆம் பதிப்பு இரண்டாம் நிலையையும், 10ஆம் பதிப்பு மூன்றாம் நிலையையும் கட்டாயமாகக் கோருகின்றன. அவற்றின்மேல் கட்டிய படிமம் பழைய சர்வர் ஒன்றில் ஓடாமல் போகலாம். ஆனால் பெரும்பாலான படிமங்களின் சுட்டியில் இந்த நிலை குறிக்கப்படுவதே இல்லை.

இனி, பல கட்டமைப்புகளுக்கும் படிமங்களைக் கட்டுவது எப்படி என்னும் வினா எழுகிறது. எல்லோரும் முதலில் நாடுவது எமுலேட்டர் வழி. ஒரு செயலியின் கட்டளைகளை இன்னொரு செயலியில் நடித்துக்காட்டும் நிரலே எமுலேட்டர். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட க்யூஎமு அவற்றுள் முதன்மையானது. அது வேற்றுக் கட்டளைகளைச் சிறு சிறு தொகுதிகளாக எடுத்து, தான் ஓடும் செயலியின் கட்டளைகளாக மொழிமாற்றி, மீண்டும் அதே தொகுதி வரும்போது பயன்படுத்துவதற்காகச் சேமித்தும் வைக்கிறது. கர்னலுக்கான கோரிக்கைகளை எதிர்கொள்ளும்போது 64ஐ 1 ஆக்குவது போன்ற எண்மாற்றத்தையும் அதுவே செய்துவிடுகிறது. எல்ஃப் தலைப்பில் இன்ன எண் இருந்தால் மறுக்காமல் இன்ன நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்று லினக்ஸ் கர்னலில் முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதியும் இருப்பதால், எக்ஸ்86 கணினியில் ஆர்ம் படிமத்தைக் கட்டும் வேலை, பயனருக்குத் தெரியாமலேயே நடந்துவிடுகிறது. இந்த வசதி வியக்கத்தக்கது. ஆனால் பெரிய நிரல்களைக் கம்பைல் செய்யும்போது மொழிமாற்றத்தின் சுமை முழுவதும் தலையில் இறங்கி, நிமிடங்களில் முடிய வேண்டிய வேலையை மணிக்கணக்கில் இழுத்துவிடக் கூடும்.

இரண்டாவது வழி குறுக்குக் கம்பைல் முறை: கம்பைலர் எக்ஸ்86இல் தன் முழு வேகத்தோடு ஓடுகிறது, அது எழுதித்தரும் கட்டளைகள் மட்டும் ஆர்முக்குரியவையாக இருக்கின்றன. கோ மொழியில் இரண்டு சூழல் மாறிகளை மாற்றினாலே இது கைகூடிவிடுகிறது. டாக்கரும் அம்மொழியில் எழுதப்பட்டது என்பதால், அம்மொழி வழங்கிய ஏஎம்டி64, ஆர்ம்64 என்னும் பெயர்களே படிமங்களின் பெயர்களாகவும் நிலைபெற்றன. சி, சி++ மொழிகளில் இலக்குச் செயலிக்குரிய லைப்ரரிகளையும் தனியே திரட்ட வேண்டியிருப்பதால் வேலை கூடுகிறது. பைத்தான் போன்ற மொழிகள் கட்டமைப்புக்கு அப்பாற்பட்டவை போலத் தோன்றினாலும், கணக்கீட்டுப் பொதிகள் பலவற்றின் உள்ளே சியில் எழுதிக் கம்பைல் செய்த பகுதிகள் ஒளிந்திருப்பதால் அதே சிக்கல் பின்வாசல் வழியே வந்துவிடுகிறது. மூன்றாவது வழி, ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதற்குரிய உண்மையான கணினியிலேயே கட்டி, பின்னர் ஒரே சுட்டியின் கீழ் சேர்ப்பது. ஆர்ம் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிகிற இன்றைய நிலையில், தொடர்ந்து பராமரிக்க வேண்டிய மென்பொருளுக்கு இந்த மூன்றாவது வழியே சிறந்தது. எமுலேட்டரைச் சிறு படிமங்களுக்கும் தொடக்கச் சோதனைக்கும் ஒதுக்குவதே தகும்.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரு பலவீனம் இருக்கிறது. சுட்டியிலும் படிமத்தின் அமைப்புக் கோப்பிலும் எழுதியிருக்கும் கட்டமைப்பின் பெயர், கட்டியவர் தரும் உறுதிமொழி மாத்திரமே. உள்ளே இருக்கும் நிரல்கள் அதற்கு ஒத்தவையா என்று களஞ்சியமோ தரவிறக்கும் கருவியோ சோதிப்பதில்லை. ஆர்ம்64 படிமம் கட்டும்போது, இணையத்திலிருந்து ஆயத்த நிரல் ஒன்றை இறக்கும் வரியில் கட்டமைப்பின் பெயரை ஒருவர் நிலையாக எழுதிவிட்டால், ஆர்ம் என்னும் முகவரியிட்ட பொதிக்குள் எக்ஸ்86 நிரல் போய் அமர்ந்துகொள்கிறது. கட்டும் கணினியில் எமுலேட்டர் பதிவாகியிருந்தால், எந்த எல்ஃப் எண் கொண்ட நிரலும் ஏதோ ஒரு வகையில் ஓடிவிடுவதால் அங்கே சோதனையும் வெற்றி பெற்றுவிடுகிறது. இதற்கு மாற்று எளியது: படிமத்தை வெளியிடும் முன் அதிலுள்ள இயங்கு நிரல்களின் எல்ஃப் எண்ணைப் படித்து, அறிவித்த பெயரோடு ஒப்பிட்டுவிடலாம். ஹாஷ் மதிப்பைக் கொண்டு படிமத்தை நிலைநிறுத்துவோருக்கும் இதையொத்த எச்சரிக்கை தேவை. சுட்டியின் ஹாஷைக் குறித்தால் ஒவ்வொரு கணினியும் தனக்குரியதைத் தேர்ந்துகொள்ளும். தெரியாமல் ஒரு கட்டமைப்பின் மேனிஃபெஸ்ட் ஹாஷைக் குறித்துவிட்டால், தேர்வு என்பதே இல்லாமல் எல்லாக் கணினிகளும் அந்த ஒன்றையே இறக்கும்.

பெயரும் உள்ளடக்கமும் ஒத்துப்போன பிறகும் நிரல் சரியாக நடந்துகொள்ளும் என்று கூறிவிட முடியாது. எக்ஸ்86 செயலியில் தனித்து இயங்கும் கணிப்பகுதியாகிய கோர் ஒன்று முதலில் தரவையும் அடுத்து அது தயார் என்னும் குறியையும் எழுதினால், மற்றக் கோர்கள் அதே வரிசையில்தான் அவற்றைக் காணும். ஆர்மில், தனிக் கட்டளையால் வரிசையை வற்புறுத்தாவிட்டால், குறி முந்தியும் தரவு பிந்தியும் தென்படலாம். எக்ஸ்86இல் பல ஆண்டுகள் பழுதின்றி ஓடியதாகக் கருதப்பட்ட நிரலின் உறங்கிய பிழை இவ்வாறு விழித்துக்கொள்கிறது. எக்ஸ்86 கணினியில் எமுலேட்டர் வைத்து ஆர்ம் படிமத்தைச் சோதிப்போருக்கு இப்பிழை பெரும்பாலும் தென்படுவதில்லை, அடியில் ஓடும் உண்மைச் செயலி வரிசை தவறாதது என்பதால். எதிர்த்திசையில் எக்ஸ்86 நிரல்களைத் தன் ஆர்ம் கணினிகளில் ஓட்டும் ரொசெட்டாவுக்காக, எக்ஸ்86இன் வரிசை ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் நிலை ஒன்றை ஆப்பிள் தன் சில்லிலேயே அமைத்திருப்பதும் இவ்வேறுபாட்டின் கனத்தைக் காட்டும்.

நினைவகத்தைக் கர்னல் பங்கிடும் அலகாகிய பக்கத்தின் அளவும் இத்தகையதே. எக்ஸ்86இல் அது வழக்கமாக 4 கிலோபைட். 64 பிட் ஆர்மில் கர்னலைக் கட்டுவோர் 4, 16, 64 கிலோபைட் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ரெட் ஹேட்டின் 8ஆம் பதிப்பு ஆர்முக்கு 64ஐ எடுத்துக்கொண்டது. ராஸ்பெர்ரி பை 5இன் இயல்பான கர்னல் 16ஐக் கொண்டது. நினைவகம் ஒதுக்கும் ஜெமாலக் போன்ற லைப்ரரிகள் பக்க அளவைக் கம்பைல் செய்யும்போதே நிலையாக எழுதிக்கொள்வதால், ஆர்ம்64 என்று நேர்மையாகக் குறித்த படிமம் ஓர் ஆர்ம்64 கணினியில் ஓடி இன்னொன்றில் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஐபிஎம்மின் பெருங்கணினிகள் எண்ணின் உயர்மதிப்பு பைட்டை முதலில் வைப்பதால், தரவுக் கோப்புகளிலுள்ள பல பைட் எண்களை அப்படியே நினைவகத்தில் ஏற்றிப் படிக்கும் நிரல்கள் அங்கே தடுமாறுகின்றன. எனவே ஒவ்வொரு கட்டமைப்பிலும் உண்மையான கணினியில் சோதனையை ஓட்டாமல், அதற்கான வரியைச் சுட்டியில் சேர்ப்பது பயனரிடம் வெறும் நம்பிக்கையை விற்பதாகும்.

படிமத்தைச் சரியான கணினியில் வைப்பதிலும் இதே கவனம் தேவை. பல கணினிகளை ஒரே தொகுதியாக ஆளும் குபர்நெட்டிஸ் அமைப்பில் ஆர்மும் எக்ஸ்86உம் கலந்திருக்கும்போது, எந்தக் கணினியில் கொள்கலனை வைப்பது என்று தீர்மானிக்கும் பகுதி, படிமத்தின் சுட்டியைப் பார்ப்பதில்லை. கணினி ஒவ்வொன்றுக்கும் அதன் கட்டமைப்பைச் சொல்லும் லேபிள் தானாகவே ஒட்டப்படுகிறது. ஒற்றைக் கட்டமைப்புப் படிமத்தை வைத்திருப்பவர், அந்த லேபிள் உள்ள கணினியே வேண்டும் என்று தாமே எழுதிவைக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-5 கட்டளைத் தொகுதி இப்போது மூன்றாவது பெருங்குடும்பமாக வளர்ந்துவருகிறது. எவரும் உரிமத்தொகை இன்றிச் செயலி வடிவமைக்க இடம் தருவதால், சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்ட சக்தி சில் ஒன்று லினக்ஸை இயக்கிக்காட்டியது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்னும் லினக்ஸ் வழங்கல், ரிஸ்க்-5ஐ அதிகாரபூர்வமாக ஏற்ற முதல் டெபியன் பதிப்பு. ஆனால் இத்தொகுதியின் அடிப்படை மிகச் சிறியது; பெருக்கல், மிதவைப் புள்ளிக் கணக்கு, வெக்டர் கணக்கு ஆகியவையெல்லாம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விரிவாக்கங்கள். ஆர்முக்குப் பை ஜீரோவில் நேர்ந்தது இங்கே பன்மடங்காகப் பெருக வழி இருக்கிறது. எந்தெந்த விரிவாக்கங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் ஆர்விஏ23 என்னும் தொகுப்பு 2024 அக்டோபரில் உறுதி செய்யப்பட்டது; உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலின் 25.10 பதிப்பு அதைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன் விற்பனையான பலகைகள் பெரும்பாலும் அந்த வரையறைக்கு எட்டாதவை. டெபியனோ பழைய, எளிய அடிப்படையிலேயே நிற்கிறது. ஆகவே ரிஸ்க்வி64 என்னும் அதே பெயரைத் தாங்கி, ஒன்று உபுண்டு மீதும் மற்றது டெபியன் மீதும் கட்டப்பட்ட இரு படிமங்களுள், பழைய பலகையில் இரண்டாவது மட்டுமே ஓடும். படிமம் ஆக்குவோர் உட்பதிப்பைக் குறிக்கும் இடத்தை ரிஸ்க்-5க்குத் தொடக்கம் முதலே தவறாமல் நிரப்பிவரும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதற்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.